நாலு நிமிட இரைச்சல்

மூன்றாவது நாளும் அந்த இரைச்சல் போகவில்லை.

புரொஜக்டர் ஓட ஆரம்பித்ததும் அதன் வயிற்றுக்குள்ளிருந்து கிளம்பி, ஒயர் வழியாகக் கணினிக்குள் நுழைந்து, ஹெட்ஃபோனில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. யாரோ வாயை மூடிக்கொண்டு தொண்டைக்குள்ளேயே எதையோ யோசிப்பதுபோல ஒரே சீராக ம்ம்ம்ம் என்று நிற்கும். தொழிலில் இதற்கு ஹம் என்று பெயர். பழைய புரொஜக்டரிலிருந்து சத்தத்தைப் பிடித்துக் கணினியில் ஏற்றுகிறவர்களுக்கு ஹம் ஒரு ஜலதோஷம் மாதிரி. வரும், ஒரு நாள் படுத்தும், ஒயரை இப்படியும் அப்படியும் மாற்றிப் போட்டால் போய்விடும். இது மட்டும் போக மாட்டேன் என்று அடம் பிடித்தது.

அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவரைத் தெருவில் சத்தக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அந்தத் தெருவிலேயே சத்தத்தைக் கண்டால் ஆகாதவர் அவர்தான். பக்கத்து வீட்டுக் கதவு கிறீச்சிட்டால் எண்ணெய்க் கிண்ணத்தோடு போய் வாசலில் நிற்பார். முப்பது வருடமாகக் காதாலேயே பிழைத்து வந்ததில் கண்ணை அவர் பெரிதாக மதிப்பதில்லை. மூக்குக்கண்ணாடி மாற்றி எட்டு வருடம் ஆகிறது.

இந்த வேலை வந்த விதமே சரியில்லை. போன வாரம் பல் டாக்டரம்மாவின் நாற்காலியில், கடைவாய்ப் பல்லைத் திறந்து போட்ட நிலையில், வாய் நிறையப் பஞ்சோடு மல்லாந்து கிடந்தார். அந்த நேரம் பார்த்து டாக்டர் தன் கதையைச் சொன்னார். அவர் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே அப்பா இறந்துபோய்விட்டார். அப்பாவைப் பார்க்க இருப்பது நாலு நிமிடப் படச்சுருள் ஒன்றுதான். படத்தை ஒரு கடையில் கணினிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். சத்தம் எங்கள் வேலை இல்லை என்று சுருளைத் திருப்பித் தந்துவிட்டார்களாம்.

"அதுல அப்பா பேசுவார் சார். அம்மா காதால கேட்டிருக்காங்க. எனக்கு ஐம்பத்தாறு வயசாகுது. அப்பா குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

அம்மாவுக்கு எண்பத்து மூன்று. இதுதான் அப்பா குரல் என்று அடையாளம் சொல்ல அவரை விட்டால் வீட்டில் ஆள் இல்லை. அவருக்கும் ஒரு காது போய்விட்டது, இன்னொன்று போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாகூட வெளியூரிலிருந்து வருகிறார், அதற்குள் கிடைத்தால் எல்லோரும் சேர்ந்து கேட்கலாம் என்றார் டாக்டர். முடியுமா என்று கேட்டார்.

பார்க்கலாம் என்று சொல்லத்தான் சத்தக்காரர் வாயெடுத்தார். பஞ்சைத் தாண்டி வந்தது "ஆ" மட்டும். டாக்டர் ட்ரில்லைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மாற்றிப் பேச எந்த மனிதனுக்கு மனம் வரும்? பல்லில் தற்காலிகமாக எதையோ அடைத்து, மீதியை அடுத்த திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பி வைத்தார்கள். அதாவது ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் குரல் கிடைக்காமல் போன ஒரு மகளிடம், திங்கட்கிழமை காலையில் அவர் வாயைத் திறந்துகொண்டு படுக்க வேண்டும். நினைத்தாலே அவருக்கு மற்ற பற்களும் வலித்தன.

சுருளை வீட்டில் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது அவர் மனைவி. தையல்காரி. எதை எடுத்தாலும் ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பாள்.

"ஏங்க, இதுல ரெண்டு ஓரத்துலயும் ஓட்டை இருக்கு. உங்க மத்த படத்துல எல்லாம் ஒரு பக்கம்தானே ஓட்டை? இன்னொரு பக்கம் நெளிநெளியா ஒரு கோடு போகுமே?"

கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்று சத்தக்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே பதில் சொன்னார். படத்தை ஓட்டியதும், இவங்க எல்லாம் ஏன் பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடுறாங்க என்று அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள். அவர் புரொஜக்டரின் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன சுவிட்சைத் தட்டினார். உடனே படத்தில் எல்லோரும் நிதானமாக நடந்தார்கள். அந்தச் சுவிட்சுக்கு மேலே என்றோ ஏதோ எழுதியிருந்தது. விரல் பட்டுப் பட்டு அழிந்துவிட்டது.

படத்தில் ஒரு வீட்டின் பின்பக்கம் தெரிந்தது. ஆறு மாத வயிற்றோடு ஓர் இளம்பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஒல்லியான ஒருவர் தானே செய்தது போலிருந்த ஒரு மரத்தொட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து, கேமராவுக்கு இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டுகிறார். எதையோ சொல்லிச் சிரிக்கிறார். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து, வீட்டுக் கதவருகில் போய்த் திரும்பி, கையைத் தூக்கி இன்னும் எதையோ சொல்கிறார். அவ்வளவுதான். அந்த உதடுகள் அத்தனை அசைவுக்கும் ம்ம்ம்ம் என்றே பேசின.

முதல் நாள் ஒயர்களை மாற்றினார். இரண்டாம் நாள், புரொஜக்டருக்கும் கணினிக்கும் தனித்தனியாக எர்த் இருந்தால் கரண்ட் வட்டமடித்து ஹம் வரும் என்று யோசித்து, ஒரு எர்த் ஒயரைக் கழற்றிவிட்டார். ஹம் அப்படியே இருந்தது. ஆனால் புரொஜக்டரைத் தொடும்போதெல்லாம் சுரீர் என்று ஷாக் அடித்தது. மூன்றாவது ஷாக்கில் அவர் பல்லைக் கடித்த கடியில் தற்காலிக அடைப்பு வெளியே வந்து மேசையில் உருண்டது. ஒயரைத் திரும்ப மாட்டினார். அடைப்பைத் திரும்ப மாட்டத் தெரியவில்லை.

மூன்றாம் நாளான புதன்கிழமை, சந்தேகம் வீட்டின் மேல் திரும்பியது. டியூப்லைட்டுகளைக் கழற்றினார். ஃப்ரிட்ஜை அணைத்தார். மனைவியின் தையல் மெஷின் மோட்டார்தான் பக்கத்து அறையிலிருந்து இரைகிறதோ என்று, மெஷினைத் தூக்கிச் சமையலறையில் வைத்தார். அவளுக்குச் சனிக்கிழமைக்குள் நாற்பது பள்ளிச் சீருடை தைத்தாக வேண்டும். தைக்கிறவள் அடுப்புக்கும் பாத்திரங்களுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். சட்டை மாட்டிப் பார்க்கிற துணிப்பொம்மைக்கு அங்கே இடமில்லை. அது சத்தக்காரரின் அறைக்கு வந்து, புரொஜக்டருக்கும் சுவருக்கும் நடுவில், படத்தின் கால்வாசியை மறைத்துக்கொண்டு நின்றது. சத்தம் பார்க்கிறவருக்குப் படம் மறைந்தால் என்ன? அவர் அதைச் சட்டை செய்யவில்லை.

ஹம் போகவில்லை. ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறந்ததில் பால் திரிந்தது, மீன் நாறியது. தன் கோபத்தை மனைவி பாத்திரம் கழுவும் சத்தத்திலேயே தெரிவித்தாள்.

மறுநாள் காலை அவள் புதிய பாலைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு நேராக அவர் அறைக்கு வந்து, புரொஜக்டருக்கு இடது பக்கம் இருந்த மூலையில் ஒரு முக்காலியைப் போட்டு அதன் மேல் வைத்தாள்.

"ஃப்ரிட்ஜை நீங்க எப்ப அணைப்பீங்க, எப்ப போடுவீங்கன்னு தெரியல. இந்த மூலை சில்லுனு இருக்கு. பால் இங்கயே இருக்கட்டும்."

சத்தக்காரர் கையை நீட்டிப் பார்த்தார். முக்காலிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் மட்டும் குளிர்ந்து கிடந்தது. ஜன்னல் எதிர்ப்பக்கம் இருந்தது, அதுவும் சாத்தியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். அவருக்குக் குளிர் காதில் கேட்கவில்லையே, தோலில்தானே தெரிந்தது. ஆகவே அவர் யோசிக்கவில்லை. சாயங்காலம் வரை பால் கெடாமல் இருந்ததில் அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதி.

அன்று அவருக்கு ஒரு புது யோசனை வந்தது. படத்தின் ஓரத்தில் ஓடும் சத்தக்கோட்டின் வழியாக ஒரு குட்டி பல்பு வெளிச்சம் பாய்ச்சும். அந்த வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம்தான் சத்தமாக மாறுகிறது. வீட்டுக் கரண்டில் எரிந்தால் பல்பு கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும், அந்தத் துடிப்பே ஹம் ஆகும். பேட்டரியில் எரித்தால் துடிக்காது. மனைவியின் தம்பி வாடகை வேன் ஓட்டுகிறான். வேன் வாசலில் நின்றது. அவன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சத்தக்காரர் அவனிடம் சொல்லாமலே வேனின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

வந்தவரைப் பார்த்ததும் மனைவியின் முகம் மாறியது. நீங்கள் வெளியிலா இருந்தீர்கள் என்று கேட்டாள். அறைக்குள் யாரோ இருமிய சத்தம் கேட்டதாம், பல்வலியோடு இப்போது இருமலும் சேர்ந்துவிட்டதா என்று கேட்க வந்தாளாம்.

"மெஷினா இருக்கும்," என்றார் அவர்.

"மெஷின் ஓடலையே."

"பழைய மெஷின். ஓடாமலும் சத்தம் போடும்."

அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். முக்காலியில் பால் இருந்தது. பொம்மை நின்றது. பொம்மை என்றைக்கு இருமியிருக்கிறது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் தைக்கப் போய்விட்டாள். அன்று முழுவதும் சமையலறைக் கதவை அவள் சாத்தவே இல்லை.

பேட்டரியிலும் ஹம் போகவில்லை. மச்சான் மட்டும் போக வேண்டிய சவாரிக்குப் போக முடியாமல் வாசலில் நின்று வேனின் முன்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அதன் காலியான வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். விஷயம் தெரிந்தபோது அவன் கோபப்படவில்லை. அக்காவுக்காகப் பொறுத்துக்கொள்கிறவன். இந்தத் தெரு முழுக்கக் கரண்ட் ஒயர் ஓடுகிறது, கரண்டே இல்லாத இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும் என்று அவனே ஒரு வழியும் சொன்னான். கரண்டே இல்லாத இடம் எது என்று இருவரும் யோசித்தார்கள். ஊருக்கு வெளியே ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அங்கே இருப்பவர்கள் யாரும் விளக்கு கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பனி இன்னும் விலகாத நேரத்தில், வேன் கல்லறைத் தோட்டத்துக்குள் போய் நின்றது. மோட்டாருக்கு வேனிலிருந்த இன்வெர்ட்டர், அதை நீண்ட ஒயரில் முப்பதடி தள்ளி வைத்தாயிற்று. பல்புக்குத் தனி பேட்டரி. வேனின் பின்கதவைத் திறந்து, புரொஜக்டரை உள்ளே நிறுத்தி, ஒரு வெள்ளைக் கல்லின் முதுகில் படத்தை விழவிட்டார்கள். தொட்டிலோடு அந்த மனிதர் கல்லில் தோன்றிச் சிரித்தார். சுற்றிலும் ஒரு காக்கைகூட இல்லை. சத்தக்காரர் ஹெட்ஃபோனைக் காதில் வைத்தார். ம்ம்ம்ம். வீட்டில் கேட்டதைவிடத் தெளிவாக, பக்கத்தில் கேட்டது.

காவலாளி ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்று வேடிக்கை பார்த்தார். ஸ்பீக்கரிலும் கொஞ்சம் கேட்டார். இருபது வருஷமாக இங்கே இருக்கிறேன், இத்தனை சத்தம் போட்டவங்க நீங்கதான் என்றார். பிறகு கேட் பக்கம் நடந்தவர், திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"மூணு பேரும் கிளம்பறப்போ கேட்டைச் சாத்திட்டுப் போங்க."

மச்சான் சத்தக்காரரைப் பார்த்தான். தன்னைப் பார்த்தான். புரொஜக்டருக்கு இடது பக்கம் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தான்.

"நாம ரெண்டு பேர்தானே அத்தான்?"

"அவருக்கும் கண்ணாடி மாத்தணும்போல," என்றார் சத்தக்காரர். அன்று திரும்பி வரும்போது மச்சான் வேனை ஓட்டியதை ஓட்டியது என்று சொல்ல முடியாது. பறந்தான். கேட்டைச் சாத்தவும் இல்லை.

வீட்டு வாசலில் இறங்கியதும், வேறு ஏதாவது படத்தை ஓட்டிப் பாருங்கள், அதிலும் ஹம் வந்தால் மெஷின்மேல் குற்றம் என்று சொல்லிவிட்டு அவன் இஞ்சினை அணைக்காமலே போய்விட்டான். ஐந்து நாளில் யாருக்கும் தோன்றாத விஷயம். சத்தக்காரர் அலமாரியிலிருந்து ஒரு பழைய பள்ளி ஆண்டுவிழாச் சுருளை எடுத்து மாட்டினார். பிள்ளைகள் கணீரென்று பாடினார்கள். ஹம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆக, குற்றம் மெஷின்மேல் இல்லை. கரண்டின்மேல் இல்லை, ஃப்ரிட்ஜின்மேலும் இல்லை. ஹம் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. அன்று சத்தம் பதிந்தவர் யாரோ ஏனோதானோ என்று பதிந்துவிட்டார் என்று முகம் தெரியாத அந்த மனிதரை வாய்விட்டுத் திட்டினார். கணினியில் ஹம்மை மட்டும் பிய்த்தெடுக்க வழி உண்டு. அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான், பொறுமை வேண்டும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவர், ஹம்மைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார். பத்தரைக்கு ஹம் முற்றிலும் போனது.

அதோடு எல்லாமே போனது. ஹெட்ஃபோனில் ஒன்றுமில்லை. மூச்சு இல்லை, காற்று இல்லை, ஒரு சின்னக் கரகரப்புகூட இல்லை. திரையில் அந்த மனிதர் வாயைத் திறந்து திறந்து மூடினார். ஹம்மை எடுத்தால் குரல் இருக்கும் என்று பார்த்தால், ஹம்மைத் தவிர அதில் எதுவுமே இருக்கவில்லை.

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார். தான்தான் அவசரப்பட்டு ஹம்மோடு சேர்த்துக் குரலையும் தூக்கி எறிந்துவிட்டோம் என்று நினைத்தார். ஐம்பத்தாறு வருடம் காத்திருந்த ஒரு பெண்ணுக்கு நாளைக்கு என்ன சொல்வது? உங்கள் அப்பா ம் என்றுகூடச் சொல்லவில்லை என்றா? பல்வலி தாடையிலிருந்து காதுவரை ஏறிவிட்டது. மனைவியிடம் இரண்டு உருண்டை பஞ்சு வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமையைப் பற்றிக்கூட அவர் அப்போது கவலைப்படவில்லை. அந்த டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டதுதான் திரும்பத் திரும்ப முன்னால் வந்து நின்றது.

கடைசியில், தொழிலில் எல்லோரும் எப்போதாவது செய்திருந்தும் யாரும் வெளியே சொல்லிக்கொள்ளாத ஒரு காரியத்தைச் செய்தார். ஒயரைப் பிடுங்கிப் போட்டார். புரொஜக்டரின் சொந்த ஸ்பீக்கரை ஓடவிட்டு, அதன் எதிரில் சாதாரண மைக் ஒன்றை வைத்து, அறையில் கேட்பதை அப்படியே பிடிப்பது என்று முடிவு செய்தார். மைக் வைக்க வேறு இடமில்லாமல், பால் பாத்திரத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு முக்காலியிலேயே வைத்தார். மைக்கின் கம்பி கையில் பனிக்கட்டி மாதிரி சில்லிட்டது. படத்தை ஓட்டினார். காதில் பஞ்சோடு, தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு, நாலு நிமிடமும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

பதிந்ததைக் கணினியில் போட்டார். பஞ்சை எடுத்துவிட்டு ஹெட்ஃபோனை மாட்டி, மறுபடியும் ஹம்மைப் பொறுக்கத் தொடங்கினார். புரொஜக்டரின் கடகடப்பு போனது. ஹம் பாதியானது. கால்வாசியானது. அதற்கு அடியிலிருந்து, ஆள் படுத்திருந்த மெத்தையிலிருந்து எழுவதுபோல, ஒரு சத்தம் மெதுவாக எழுந்து வந்தது.

முதலில் ஒரு இருமல். பிறகு ஓர் ஆண்குரல்.

"தொட்டில் தயார். ஆள்தான் பாக்கி."

சத்தக்காரர் அழுதுவிட்டார். முப்பது வருடத்தில் எத்தனையோ பேரின் அப்பாக்களைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார், ஒருதடவையும் அழுததில்லை. மனைவியைக் கூப்பிட்டு ஒரு பக்கக் காதை அவளுக்குக் கொடுத்தார். இருவரும் தலையோடு தலை ஒட்டிக்கொண்டு கேட்டார்கள்.

குரல் உதட்டைவிடக் கொஞ்சம் பின்தங்கி வந்தது. உதடு அசைந்த பிறகுதான் வார்த்தை வந்தது. அதை முன்னால் தள்ளினால் இன்னொரு இடத்தில் விலகியது. படம் சுருங்கியிருக்கும் என்று அவர் மனைவிக்கு விளக்கினார். படத்திலிருந்தவர் முதுகைக் காட்டிக்கொண்டு கதவை நோக்கி நடக்கும் இடத்தில், குரல் சற்றே எரிச்சலோடு, "அதைக் கொஞ்சம் தள்ளி வைங்க, மறைக்குது," என்றது.

"யார்கிட்ட சொல்றார்?" என்று மனைவி கேட்டாள்.

"கேமராக்காரர்கிட்ட."

அவள் திரும்பி, சுவருக்கு முன்னால் நின்ற துணிப்பொம்மையைப் பார்த்தாள். அதை இடுப்போடு தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்தாள். திரும்ப வந்து பால் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு யாரும் அந்தப் பாலைக் குடிக்கவில்லை. அவள் அதைக் காரணம் சொல்லாமல் செடிக்கு ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு டாக்டர் வீட்டுக் கூடத்தில் சத்தக்காரரையும் சேர்த்து நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல காதைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டு அம்மா. அவர் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டர். சாய்வு நாற்காலியில் மாமா, அம்மாவின் தம்பி, அந்தக் காலத்தில் இந்தப் படத்தைப் பிடித்தவரே அவர்தான் என்று டாக்டர் அறிமுகம் செய்து வைத்தார். சத்தக்காரருக்கு அவர்மேல் கொஞ்சம் வருத்தம் இருந்தது. எப்படிப் பதிந்திருக்கிறீர்கள் பாருங்கள் என்ற கேள்வி வாய்வரை வந்தது. வயதானவர், வந்த இடம், போகட்டும் என்று விட்டுவிட்டார்.

படம் ஓடியது. தொட்டில் வந்தது. இருமல் கேட்டது.

அம்மாவின் கை மகளின் கையை இறுக்கிப் பிடித்தது.

"இவர்தான். இந்த இருமல்தான். எதைப் பேசினாலும் முதல்ல ஒரு இருமல்."

தொட்டில் தயார், ஆள்தான் பாக்கி என்றது குரல். டாக்டர் அழவில்லை. எத்தனையோ பேரை அழ வைத்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளையைப் போல வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா கதவருகில் போய்த் திரும்பினார். கையைத் தூக்கினார்.

"ஆள் வந்ததும் எனக்கு ஒரு குரல் குடுங்க. நான் இங்கதான் நிப்பேன்."

அப்போதுதான் டாக்டர் உடைந்தார். வந்துட்டேன்பா என்று திரையைப் பார்த்துச் சொன்னார். அம்மா அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். இன்னொரு முறை போடச் சொன்னார்கள். அதற்குப் பிறகு இன்னொரு முறை. அன்றைக்கு வீட்டில் இதை ஓட்டியபோது பேசியது ஒரு வார்த்தை மாறாமல் அப்படியே இருக்கிறது, அந்தத் தள்ளி வைங்க மட்டும்தான் கேட்ட ஞாபகம் இல்லை என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். வயசாகிவிட்டதல்லவா என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார்.

சத்தக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக்கு அந்த நாற்காலியில் எத்தனை சுகமாகப் படுக்கலாம் என்று நினைத்தபோது பல்வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது. மாமாவின் கையிலிருந்த டீ மட்டும் ஆறி ஆடை கட்டியிருந்தது. அக்காவும் மகளும் முகம் கழுவ உள்ளே போனதும், அவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு சத்தக்காரரின் பக்கத்தில் வந்தார்.

"இதை எப்படிப் பிடிச்சீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தானே சத்தக்காரர் ஒரு வாரமாகக் காத்திருந்தார். ஒயரில் வெறும் இரைச்சல்தான் வந்தது, கல்லறைத் தோட்டம் வரை கொண்டுபோயும் போகவில்லை, கடைசியில் மெஷினுக்குப் பக்கத்தில் மைக் வைத்து அறையில் கேட்டதைப் பிடித்தேன், அதில்தான் குரல் கிடைத்தது என்று பெருமையோடு சொன்னார்.

"மெஷினுக்கு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம் சார். அந்த மூலை நல்லா சில்லுனு இருக்கும், பாலைக்கூட அங்கதான் வெச்சிருந்தோம்."

மாமா உள்ளே ஒரு முறை பார்த்துக்கொண்டார். குழாயில் தண்ணீர் விழும் சத்தமும், அம்மாவும் மகளும் சிரிக்கும் சத்தமும் கேட்டன. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தக் கேமராவுல சத்தம் பிடிக்கவே முடியாது தம்பி, அது ஊமைப்படம், ஓட்டிக் காட்டின அன்னைக்கு அத்தான்தான் மெஷினுக்கு இடது பக்கம் நின்னுக்கிட்டு, உதட்டைப் பாத்துப் பாத்து அவரே பேசினார்."